பழைய லென்ஸும் புதிய பாடியும்: கொல்கத்தாவிலிருந்து ஒரு கணக்கு

எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாவை ஒட்டி உள்ளே நுழையும் சந்தை மெட்ரோ கலி என்பார்கள். கொல்கத்தாவில் கேமரா வாங்க, விற்க, மாற்றிக்கொள்ள, பழுதுபார்க்க நினைப்பவர் ஒருமுறையாவது அங்கே போய்த்தான் வருவார். கண்ணில் படும் தட்டில் புதிய மிரர்லெஸ் பாடிகள் இருக்கும். செகண்ட் ஹேண்ட் தட்டில் டிஎஸ்எல்ஆர் காலத்து லென்ஸ்களை அடுக்கியிருப்பார்கள். இந்த இரண்டு தட்டுக்கும் நடுவே திகைத்து நிற்பவர்கள்தான் இன்று அதிகம். பல வருடம் சேர்த்த நிக்கான் அல்லது கேனன் லென்ஸ்கள் பையில் இருக்கின்றன. பழைய பாடியைத் தள்ளிவிட்டுப் புதியதை எடுக்க மனம் பரபரக்கிறது. லென்ஸ்களையும் விற்கலாம் என்றால், கேட்கிற விலை வாங்கிய விலைக்குக் கிட்டக்கூட வராது. "ஒரு அடாப்டர் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் நடக்கும்" என்பது இந்த நிலைக்குக் கடைகளில் கிடைக்கும் வழக்கமான பதில். எது நடக்கும், எது நடக்காது, ஏன் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த லென்ஸ் இந்தப் பாடியில் பொருந்துமா என்று கேட்பதில் பயன் குறைவு. ஏறக்குறைய எதுவும் எதிலும் பொருந்தும். பழைய ஜோடியில் எந்த வேலையை லென்ஸ் செய்தது, எந்த வேலையைப் பாடி செய்தது என்று கேட்க வேண்டும். ஃபோகஸைத் திருப்பிய மோட்டார் எங்கே இருந்தது? அபெர்ச்சரை மூடித் திறந்தது யார்? லென்ஸ் தானே செய்துகொண்ட வேலை அடாப்டரைத் தாண்டி வந்துவிடும். பாடி செய்துகொடுத்த வேலை பாடியோடு போய்விடும். மற்ற விவரங்களெல்லாம் இதன் கிளைகள்தான்.

பொருந்துவதற்குக் காரணம் எளிய வடிவக்கணக்கு. லென்ஸ் உட்காரும் உலோக வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் நிலையானது. எஸ்எல்ஆர் கேமராக்களில் இடையே ஒரு கண்ணாடி எழுந்து விழ வேண்டியிருந்ததால் அந்தத் தூரம் அதிகம்: நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., கேனன் இஎஃப் மவுண்டில் 44 மி.மீ., பழைய எம்42 திருகு மவுண்டில் 45.46 மி.மீ. கண்ணாடியை எடுத்ததும் அந்த வெற்றிடம் தேவையில்லாமல் போயிற்று. சோனி இ மவுண்ட் 18 மி.மீ., கேனன் ஆர்எஃப் 20 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ. எனச் சுருங்கின. மிச்சமான தூரத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பிவிடலாம். நிக்கான் எஃப் லென்ஸை நிக்கான் இசட் பாடியில் மாட்ட 30.5 மி.மீ. நீளக் குழாய், கேனன் இஎஃப் லென்ஸை ஆர்எஃப் பாடியில் மாட்டச் சரியாக 24 மி.மீ. உள்ளே கண்ணாடிச் சில்லு எதுவும் வேண்டாம், காற்றே போதும். ஆகவே படத்தின் தரத்தில் அடாப்டரால் குறைய எதுவுமில்லை, குழாய் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால்.

டிஎஸ்எல்ஆர் காலத்தில் இந்தச் சுதந்திரம் ஒருதலைப்பட்சமானது. நிக்கான் லென்ஸைக் கேனன் பாடியில் 2.5 மி.மீ. வளையம் வைத்து மாட்ட முடிந்தது. கேனன் லென்ஸை நிக்கான் பாடியில் மாட்ட முடியவில்லை. எம்42 லென்ஸ்களுக்கும் அதே கதைதான். ஜெனிட் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 44-2 என்ற 58 மி.மீ. சோவியத் லென்ஸைக் கேனன்காரர்கள் சுகமாகப் பயன்படுத்தினார்கள். நிக்கான்காரர்களுக்கு அடாப்டருக்குள் ஒரு திருத்தும் லென்ஸ் வேண்டியிருந்தது, அது படத்தைக் கெடுத்தது. அந்த லென்ஸ் இல்லாவிட்டால் தூரத்துக் காட்சி ஃபோகஸுக்கே வராது. மிரர்லெஸ் வந்ததும் இந்த ஏற்றத்தாழ்வு ஒரே அடியில் மறைந்தது. 2008இல் பானசோனிக் ஜி1 வெளிவந்தபோதே ஆர்வலர்கள் பரணிலிருந்து பழைய லென்ஸ்களை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அதன் சென்சார் ஃபிலிம் சட்டத்தில் கால்பங்குதான், 28 மி.மீ. லென்ஸ் அதில் 56 மி.மீ. போல நடந்துகொண்டது. 2013 அக்டோபரில் முழுச் சட்ட சென்சாரோடு சோனி ஏ7 வந்த பிறகுதான் பழைய லென்ஸ் அதன் பழைய அகலத்திலேயே பார்க்கத் தொடங்கியது.

நம் நாட்டில் இந்த விஷயத்துக்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' ஃபிலிமைத் தயாரித்தது. கொல்கத்தா ஜாதவ்பூரில், 1830இல் தொடங்கிய கணிதக் கருவி அலுவலகத்தின் வாரிசான நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் நேஷனல் 35 என்ற கேமராவைச் செய்தது. பக்கத்திலேயே மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் ஒளியியல் கண்ணாடி தயாரிப்பில் உழைத்தது. இவ்வளவு இருந்தும், மாற்றிப் போடும் லென்ஸ்கள் பெரும்பாலும் கடல் கடந்தேதான் வந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1991க்கு முந்தைய ஆண்டுகளில், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியிலும் துறைமுகத்தை ஒட்டிய கிதிர்பூர் சந்தையிலும் வந்து சேர்ந்த லென்ஸை யாரும் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா வாங்கியதை மகன் வைத்திருப்பதும், ஸ்டுடியோ மூடியபோது ஊழியர் எடுத்துக்கொண்டதும் இன்றும் சந்தைக்கு வருகின்றன. பழைய லென்ஸைப் புதிய பாடியில் மாட்டுவது மேலைநாட்டில் ஒரு ரசனை. இங்கே அது முதலில் சிக்கனம், பிறகுதான் ரசனை.

'குழாய் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால்' என்றேன். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. மலிவு அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு நூலளவு குட்டையாகச் செய்வார்கள்; நீளமாகிவிட்டால் லென்ஸ் முடிவிலி தூரத்தை எட்டாது, வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார். குட்டையாக இருந்தால் அவர் கவனிக்கவே மாட்டார். 0.1 மி.மீ. குட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. லென்ஸில் வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்தால் என்ன நடக்க வேண்டுமோ அது 400 மீட்டர் குறியில் நடக்கும். அப்படி ஒரு குறியே லென்ஸில் இருக்காது. 20 மி.மீ. லென்ஸில் அது 4 மீட்டர் குறிக்கு வந்துவிடும். தூரக் குறியை நம்பித் தெருவில் படமெடுக்கிறவருக்கு அந்தக் குறிகள் எல்லாமே பொய். அதைவிட மோசம், மிதக்கும் கண்ணாடித் தொகுதி உள்ள அகலக்கோண லென்ஸ்களில் தூரக் கணக்கு மாறியதால் ஓரங்களின் கூர்மையும் குலையும். இரு முகங்களும் இணையாக இல்லாத அடாப்டரில் படத்தின் இடது பக்கம் கூர்மையாகவும் வலது பக்கம் மங்கலாகவும் வரும்; பழி லென்ஸின் தலையில் விழும். உட்சுவர் பளபளப்பாக இருந்தால் வெளிச்சம் சிதறி மாறுபாட்டைக் கழுவிவிடும். 50 மி.மீ. லென்ஸுக்கு மலிவு அடாப்டர் போதும், 24க்குக் கீழே போனால் நல்லதாக வாங்குங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இனி வேலைப் பங்கீடு. கேனன் 1987இல் தன் பழைய எஃப்டி மவுண்டைத் தூக்கியெறிந்து இஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தபோது, சொந்த வாடிக்கையாளர்களே வயிறெரிந்தார்கள். வைத்திருந்த லென்ஸெல்லாம் அன்றோடு அனாதை. ஆனால் புதிய மவுண்டில் ஒரு நெம்புகோல்கூட இல்லை. ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள், அபெர்ச்சர் மோட்டாரும் லென்ஸுக்குள், பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மின்தொடர்பு மட்டும். முப்பத்தோரு வருடம் கழித்து, 2018 செப்டம்பரில் இஓஎஸ் ஆர் வந்தபோது அந்தப் பழைய முரட்டு முடிவு பலன் தந்தது. 110 கிராம் எடையுள்ள ஒரு குழாய், அதனூடே செல்லும் கம்பிகள், அவ்வளவுதான் அடாப்டர். 1987ஆம் வருடத்து இஎஃப் லென்ஸும் ஆட்டோ ஃபோகஸோடு ஓடுகிறது. போதாக்குறைக்கு, கட்டுப்பாட்டு வளையம் உள்ள அடாப்டர் ஒன்று, பின்னால் ஃபில்டர் சொருகும் அடாப்டர் ஒன்று என்று பழைய லென்ஸுக்கு முன்பு இல்லாத வசதிகளையும் சேர்த்தார்கள். வெளியே புடைத்த முன்கண்ணாடி காரணமாக ஃபில்டர் போட வழியில்லாத அகலக்கோண லென்ஸுக்கு இது வரப்பிரசாதம். கேனன்காரருக்கு என் யோசனை சுருக்கம்: கம்பெனி அடாப்டர் ஒன்று வாங்குங்கள், லென்ஸை விற்காதீர்கள், பிரச்சினை முடிந்தது.

நிக்கான்காரரின் கதை அப்படி ஒரு வரியில் முடியாது. 1959இல் வந்த எஃப் மவுண்டை நிக்கான் கடைசிவரை கைவிடவில்லை. அந்த விசுவாசத்துக்காகவே இந்தியாவில் நிக்கானை விரும்பியவர்கள் ஏராளம். ஆனால் ஒரே மவுண்டுக்குள் அறுபது வருடத்து இயந்திரவியல் அடுக்கடுக்காகக் குவிந்துவிட்டது. முதலில் கையால் திருப்பும் லென்ஸ்கள். அடுத்து, பாடியிலிருந்து ஒரு திருகாணி நீண்டு லென்ஸின் ஃபோகஸைச் சுழற்றும் ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்கள். பின்னர் மோட்டார் உள்ளே இருக்கும் ஏஎஃப்-எஸ். அபெர்ச்சரை நீண்ட காலம் பாடியின் நெம்புகோல்தான் இயக்கியது. இ வகை லென்ஸ்களில் மட்டும் அது மின்சாரத்துக்கு மாறியது. 2018 ஆகஸ்டில் இசட்6, இசட்7 பாடிகளோடு எஃப்டிஇசட் அடாப்டரை அறிவித்தபோது, நிக்கான் இந்த அடுக்குகளில் எதைச் சுமப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நெம்புகோலை அடாப்டருக்குள் வைத்தார்கள், ஆகவே அபெர்ச்சர் வளையம் இல்லாத ஜி வகை லென்ஸுக்கும் அபெர்ச்சர் வேலை செய்கிறது. திருகாணி மோட்டாரை வைக்கவில்லை. 2021இல் வந்த இரண்டாம் எஃப்டிஇசட்டில் கீழே துருத்திக்கொண்டிருந்த ட்ரைபாட் கால் போயிற்று. மோட்டார் அப்போதும் வரவில்லை.

விளைவு இந்தியாவில்தான் அதிகம் உறைக்கிறது. 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸ் இங்கே எத்தனை பேருக்கு முதல் பிரைம் லென்ஸ்! திருமண போட்டோகிராபர்களுக்கு 80-200 எஃப்/2.8 டி எத்தனை வருடம் சோறு போட்டது! இவை எஃப்டிஇசட்டில் மாட்டினால் மீட்டர் ஓடும், அபெர்ச்சர் ஓடும், ஃபோகஸ் மட்டும் கையால். இந்த ஒரு மோட்டாரைச் சேர்க்காததற்கு அளவு, எடை, விலை என்று நியாயங்கள் இருக்கலாம். ஆனால் சோனி தன் மினோல்டா பரம்பரை லென்ஸ்களுக்காக 2020இல் வெளியிட்ட எல்ஏ-இஏ5 அடாப்டரில் அதே மாதிரித் திருகாணி மோட்டாரைச் சின்ன இடத்துக்குள் அடக்கிக் காட்டியது, சில பாடிகளில் மட்டும்தான் அது ஓடும் என்றாலும். முடியாத காரியம் என்று சொல்ல இடமில்லை.

மோட்டாரும் சிப்பும் இல்லாத பழைய ஏஐ, ஏஐ-எஸ் லென்ஸ்களுக்கு வேறொரு சிறு இழப்பு. அபெர்ச்சர் வளையம் எங்கே நிற்கிறது என்பதைப் பாடிக்குச் சொல்லும் விளிம்புத் தொடர்பு அடாப்டரில் இல்லை. மீட்டர் வெளிச்சத்தை நேரடியாக அளந்துகொள்ளும், படம் சரியாக வரும்; ஆனால் எஃப்/8இல் எடுத்தாலும் படக்கோப்பில் நீங்கள் முன்பே பதிவு செய்த எஃப்/1.8தான் எழுதப்பட்டிருக்கும். பாடிக்குள் இருக்கும் குலுக்கல் தடுப்புக்கு லென்ஸின் குவியத்தூரத்தையும் நீங்களேதான் உள்ளிட வேண்டும். 28ஐக் கழற்றி 135ஐ மாட்டிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால், தடுப்பு தவறான அளவில் திருத்தும். அதைவிட அணைத்தே வைத்திருக்கலாம்.

மோட்டார் உள்ளே இருந்த நிக்கான் லென்ஸ்களுக்கு இந்தக் குறை ஒன்றுமில்லை. அதற்கு நல்ல சாட்சி பறவைக்காரர்கள். குளிர்காலத்தில் சாந்த்ராகாச்சி ஜீலில் சீழ்க்கைத்தாராக்கள் இறங்கும்போதும், பூர்பஸ்தலியில் படகில் போகும்போதும், சுந்தரவனத்துக் கழிமுகங்களிலும் நிக்கான் 200-500 எஃப்/5.6 லென்ஸை நிறையப் பார்க்கலாம். 2015இல் வந்த அது, காலோடு சேர்த்து 2.3 கிலோ. வேடந்தாங்கலில் பார்க்கிறவர்களும் இதே காட்சியைச் சொல்வார்கள். இது இ வகை, மோட்டாரும் உள்ளே. இசட்8, இசட்9 பாடியில் எஃப்டிஇசட் போட்டு மாட்டினால், பறவையின் கண்ணை அடையாளம் கண்டு தொடரும் புதிய வித்தை பழைய லென்ஸுக்கும் கிடைத்துவிடுகிறது. டி500இல் இதே லென்ஸோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய ஒரு சங்கடமும் தீர்கிறது. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் அளப்பது கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தனிச் சென்சார். படம் பதிவது வேறு சென்சார். இரண்டுக்கும் இடையே மயிரிழை வித்தியாசம் இருந்தால் கொக்கின் கண்ணுக்குப் பதில் வால் கூர்மையாக விழும். பாடிக்குப் பாடி, லென்ஸுக்கு லென்ஸ் திருத்த எண் போட்டுச் சரிசெய்து கொண்டிருந்தோம். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் அளக்கிறது. அந்தத் திருத்தத்துக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. பழைய லென்ஸ் கூர்மை கூடிவிட்டது போலத் தோன்றும். கூர்மை அதேதான், குறி தப்பாமல் விழுகிறது.

ஆனால் லென்ஸ் மோட்டார் பழைய சுபாவத்தை விடாது. டிஎஸ்எல்ஆர் லென்ஸின் மோட்டார் ஒரே பாய்ச்சலில் போய் நிற்பதற்காக வடிவமைக்கப்பட்டது. மிரர்லெஸ் பாடியோ நுணுக்கமான சிறு அடிகளை எதிர்பார்க்கிறது. அமர்ந்திருக்கும் மீன்கொத்திக்கு வித்தியாசம் தெரியாது. அது பாய்ந்து நேராக நம்மை நோக்கி வரும்போது தெரியும். புதிய இசட் 180-600 லென்ஸ் அங்கே முந்துகிறது. அதற்காக 200-500ஐத் தள்ளிவிட வேண்டுமா? பறக்கும் பறவையே உயிர் என்பவர் மாற்றட்டும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் சுந்தரவனத்துக்கு இன்னும் சில முறை போய்வரலாம் என்பது என் கணக்கு.

இதுவரை பேசியது சொந்த வீட்டுக்குள் நடக்கும் மாற்றம். கம்பெனி விட்டுக் கம்பெனி தாவினால் நிலைமை வேறு. கேனன் லென்ஸ் சோனி பாடியில் ஓடுவது 2015இல் ஏ7ஆர் II வந்தபோது பெரிய பேச்சாக இருந்தது. மெட்டாபோன்ஸ் அடாப்டரும், அடுத்த வருடம் சிக்மாவின் எம்சி-11ம் பலரைக் கேனனிலிருந்து சோனிக்கு இழுத்தன. அது ஒரு நல்ல பாலமாக இருந்தது. ஆனால் பாலத்திலேயே குடியிருக்க முடியாது. இந்த அடாப்டர்களில் பெரும்பாலானவை இரு தரப்பு மின்மொழியையும் வெளியிலிருந்து ஊகித்து மொழிபெயர்ப்பவை. பாடியின் ஃபர்ம்வேர் மாறினால் அடாப்டரின் ஃபர்ம்வேரும் மாற வேண்டும், அதை வெளியிட அந்தச் சிறு நிறுவனம் அப்போது இருக்க வேண்டும். ஒரே வீட்டுக்குள்ளும் இது உண்டு: டாம்ரான் தன் நிக்கான் மவுண்ட் லென்ஸ்கள் எஃப்டிஇசட்டில் ஒழுங்காக ஓட ஃபர்ம்வேர் மாற்றங்களை வெளியிட வேண்டியிருந்தது. நிக்கான் ஜி லென்ஸைச் சோனியில் மாட்டுவது இருப்பதிலேயே சங்கடமானது. அபெர்ச்சர் வளையம் லென்ஸில் இல்லை, நெம்புகோல் புதிய பாடியில் இல்லை. ஆகவே அடாப்டரிலேயே எண் குறிக்காத ஒரு வளையத்தை வைத்து, உத்தேசமாகத் திருப்பச் சொல்கிறார்கள். பழைய டி லென்ஸுக்கு இந்த அவதி இல்லை. அதன் வளையம் அதனிடமே இருக்கிறது. காசு வாங்கிப் படமெடுக்கிறவர் இப்படிப்பட்ட ஜோடியை நம்பிக் கல்யாண மண்டபத்துக்குள் நுழையக் கூடாது.

இனிக் கண்ணாடியின் பக்கம். சென்சாருக்கு முன்னால் ஒரு மெல்லிய பாதுகாப்புக் கண்ணாடி உண்டு. ஒளி அதில் நேராக விழுந்தால் பாதகமில்லை. ஓரங்களில் சாய்ந்து விழுந்தால் மங்கலும் நிறப்பிறழ்வும் வரும். லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் அகலக்கோண லென்ஸ்கள் ஃபிலிமுக்கு மிக அருகே உட்காரும் ஆதலால் மிரர்லெஸ்ஸில் அவதிப்படுகின்றன. எஸ்எல்ஆர் லென்ஸ்களை வடிவமைத்தவர்கள் எழுந்து விழும் கண்ணாடிக்கு வழிவிட்டுப் பின்கண்ணாடியைத் தள்ளியே வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் இன்று நன்மையாகிவிட்டது. ஒளி ஓரளவு நேராகவே வருகிறது. ஃபிலிம் காலத்து லென்ஸ்களுக்கு வேறொரு பலவீனம் இருக்கிறது. ஃபிலிம் மங்கலான பரப்பு, சென்சார் பளபளப்பானது. பின்கண்ணாடியில் நல்ல பூச்சு இல்லாத லென்ஸில் ஒளி இரண்டுக்கும் நடுவே எதிரொளித்துப் படத்தின் நடுவில் வெளிறிய வட்டமாகவோ வண்ணப் புள்ளிகளாகவோ விழும். துர்கா பூஜை இரவில் சந்தன்நகர் கலைஞர்களின் மின்விளக்குத் தோரணங்களைப் பழைய லென்ஸில் எடுத்துப் பாருங்கள், இருட்டில் ஒளிப்புள்ளிகள் நிறைந்த அந்தக் காட்சியைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. ஹீலியோஸ் லென்ஸ் பின்னணி விளக்குகளைச் சுழலாக வளைக்கும். ஒரு படத்தில் அழகு, பத்துப் படத்தில் திகட்டும்.

கையால் ஃபோகஸ் செய்வதில் மிரர்லெஸ் சந்தேகமில்லாமல் மேல். ஆட்டோ ஃபோகஸ் கால டிஎஸ்எல்ஆர்களின் ஃபோகஸ் திரை பிரகாசத்துக்காகச் செய்யப்பட்டது, எஃப்/1.4 லென்ஸ் மாட்டினாலும் அதில் தெரியும் ஆழம் எஃப்/2.8 அளவுக்குத்தான். கண்ணுக்குக் கூர்மையாகப் படும், கம்ப்யூட்டரில் பார்த்தால் தப்பியிருக்கும். எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரில் சென்சார் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம். ஒரு பொத்தானில் பெரிதாக்கியும் பார்க்கலாம். குமார்துலியின் குறுகலான சந்துகளில், வைக்கோல் உடம்பில் மண் பூசிக் காய்ந்துகொண்டிருக்கும் தேவி அசைய மாட்டாள். மங்கிய பட்டறை வெளிச்சத்தில் 50 மி.மீ. எஃப்/1.8ஐ முழுக்கத் திறந்து, பெரிதாக்கி, கண்ணோரத்தில் ஃபோகஸை நிறுத்தப் போதிய நேரம் இருக்கிறது. விளிம்புகளை வண்ணத்தில் தீட்டிக் காட்டும் பீக்கிங் வசதியை நான் அவ்வளவு நம்பமாட்டேன், எஃப்/1.8இல் அது காட்டும் பட்டை உண்மையான கூர்மையைவிட அகலம். பெரிதாக்கிப் பார்ப்பதே மெய். மஹாசப்தமி இரவின் கூட்டத்தில் இதெல்லாம் செல்லுபடியாகாது. அங்கே தூரக்குறியை 3 மீட்டரில் வைத்து, எஃப்/8க்கு மூடி, ஐஎஸ்ஓவை ஏற்றிவிட்டு நடப்பதுதான் வழி. அதற்கு அடாப்டரின் நீளம் சரியாக இருக்க வேண்டும் என்பதை மேலே பார்த்தோம். சத்யஜித் ராயின் படப்பிடிப்புகளைக் கால்நூற்றாண்டு காலம் பதிவுசெய்த நிமாய் கோஷ் ஆரம்பித்தது, யாரோ டாக்ஸியில் விட்டுப்போன ஒரு கேனனெட் கேமராவில். அதன் லென்ஸைக் கழற்றவே முடியாது. லென்ஸ் மாற்றும் தலைவலியே இல்லாமல் அவர் ஆரம்பித்திருக்கிறார் என்று பொறாமைப்படலாம்.

வீடியோக்காரர்களுக்கு இந்த விவாதமே பழசு. 2008இல் கேனன் 5டி மார்க் II வந்த பிறகு இஎஃப் லென்ஸ்கள் குறும்பட உலகின் பொது நாணயமாகிவிட்டன. சென்னையில் 'நாளைய இயக்குனர்' தொலைக்காட்சி நிகழ்ச்சி காலத்துக் குறும்படக்காரர்களும், கொல்கத்தாவில் சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்தைச் சுற்றியுள்ள இளைஞர்களும் ஒரே மாதிரி லென்ஸ் பெட்டியைத்தான் சுமந்தார்கள். பழைய ஏஐ-எஸ் நிக்கார்களுக்கு இங்கே தனி மவுசு: ஃபோகஸ் வளையம் நீளமாக, மெதுவாக, இரு முனையிலும் முட்டி நிற்கும்படி சுழலும். புதிய மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் வளையம் வெறும் மின்சமிக்ஞைதான். எவ்வளவு வேகமாகத் திருப்பினோம் என்பதைப் பொறுத்து ஃபோகஸ் நகரும். ஒரே நகர்வை மூன்று டேக்கில் திரும்பச் செய்யவேண்டிய ஃபோகஸ் புல்லருக்கு இது நரகம். சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் வைத்திருப்பவர்களுக்கு 2013இல் மெட்டாபோன்ஸ் கொண்டுவந்த ஸ்பீட் பூஸ்டர் இன்னொரு வழி. உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டர் அது. லென்ஸின் படத்தை 0.71 மடங்காகச் சுருக்கி, ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும் கூட்டித் தரும். 50 மி.மீ. எஃப்/1.8, ஏறக்குறைய 35 மி.மீ. எஃப்/1.3 ஆகிவிடும்.

சிறிய சென்சாருக்காகச் செய்த டிஎக்ஸ், இஎஃப்-எஸ் லென்ஸ்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முழுச் சட்டப் பாடியில் மாட்டினால் பாடி தானாகச் சட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும். இசட்6இன் 24 மெகாபிக்சலில் பத்து மெகாபிக்சல்தான் மிஞ்சும். கிட் லென்ஸுக்காக யாரும் அடாப்டர் வாங்கக் கூடாது.

அடாப்டர் கட்டுரைகள் பொதுவாகத் தொடாத, கொல்கத்தாவில் முதலில் தொடவேண்டிய விஷயம் ஈரம். ஜூலை, ஆகஸ்டில் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே எண்பது சதவீதத்துக்கு மேல். லென்ஸில் ஃபங்கஸ் வளர அறுபது, அறுபத்தைந்தே தாராளம். தூசியையும் கைரேகை எண்ணெயையும் தின்று, கண்ணாடிகளின் நடுவே வேர்போல் படர்ந்து, அமிலம் கக்கிப் பூச்சை அரித்துவிடும். ஆரம்பத்தில் பிரித்துத் துடைத்தால் போய்விடும். அரித்துவிட்டால் தடம் போகாது. முப்பது, நாற்பது மழைக்காலத்தை ஸ்டீல் பீரோவுக்குள், தோலுறைக்குள் கழித்த லென்ஸ்தான் சந்தைக்கு வருகிறது. தோலுறை பார்க்க அழகு, லென்ஸுக்கு அதைவிட மோசமான வீடு இல்லை. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே இங்கே பழைய லென்ஸ் வாங்குவது அடாப்டரிலிருந்து தொடங்குவதில்லை, டார்ச்சிலிருந்து தொடங்குகிறது. அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சம் பாய்ச்சி, முன்பக்கமிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி இழை மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ். பனிமூட்டம் மாதிரி சீராக இருந்தால் எண்ணெய் ஆவி படிந்தது. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, அதைத் தொடாதீர்கள். நான்கைந்து தூசிப் புள்ளிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது.

ஃபங்கஸ் ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்று பயமுறுத்துவார்கள். விதைத்துகள் காற்றெங்கும் இருக்கிறது; அது முளைக்க ஈரம் கிடைக்கிறதா என்பதே காரியம். நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினெட் இருந்தால் எல்லாம் ஒன்றாகவே இருக்கலாம். இந்த ஊரில் புதிய பாடி வாங்கும் முன் அந்த அலமாரியை வாங்குங்கள் என்பேன். வசதியில்லையென்றால் ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், வறுத்துத் திரும்பப் பயன்படுத்தும் சிலிக்கா ஜெல்லும் பாதி வேலையைச் செய்துவிடும். அடாப்டரும் இதில் ஒரு கட்சிக்காரர்தான். கம்பெனி அடாப்டர்களில் தூசியும் தூறலும் புகாமல் தடுப்பு உண்டு. மலிவுக் குழாயில் இரண்டு பக்கமும் திறந்த வாசல். காலபைசாகி மழை திடீரென்று கொட்டும் வைசாக மாதத்தில் இது சிறிய விஷயமில்லை. குளிரூட்டிய மெட்ரோ ரயிலிலிருந்து பூஜைத் தெருவின் புழுக்கத்துக்குள் ஏறி வரும்போது லென்ஸின் முன்முகம் பனிக்கும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் உள்ளே சென்சாரும் பனிக்கும். பத்து நிமிடம் பையிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு பழைய லென்ஸுக்கும் ஒரு அடாப்டர் வாங்கி அதிலேயே நிரந்தரமாக விட்டுவிடுவது, மலிவு அடாப்டர்கள் தரும் உண்மையான சௌகரியம். பாடிக்கு அது சொந்த லென்ஸ் போலவே ஆகிவிடும். மின்தொடர்பு இல்லாத லென்ஸை மாட்டினால் சில பாடிகள் ஷட்டரை விடவே மறுக்கும். லென்ஸ் இல்லாமல் படமெடுக்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் தேடி இயக்க வேண்டும். கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடி வருபவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது இந்த ஒரு வரிதான்.

கடைசியாகப் பழுது. கேனன் தன் தலைமை டிஎஸ்எல்ஆர் வரிசை 2020இல் வந்த 1டி எக்ஸ் மார்க் III ஓடு முடிந்தது என்று 2021இலேயே சொல்லிவிட்டது. லென்ஸ் உற்பத்தி நின்ற சில வருடங்களில் உதிரி பாகங்களும் நிற்கும். ஏஎஃப்-எஸ் லென்ஸ்களின் மீயொலி மோட்டார் வயதானால் முதலில் கீச்சிடும், பிறகு திணறும், பிறகு நிற்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது ஃபோகஸை முன்னும் பின்னும் ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பது அதற்காகத்தான். மோட்டார் கிடைக்காவிட்டால் அந்த லென்ஸ் கையால் திருப்பும் லென்ஸாகிவிடும், அதுவும் அந்த வேலைக்காகச் செய்யப்படாத தளர்ந்த வளையத்தோடு. கிரீஸ் காய்ந்த ஹெலிகாய்டையும் எண்ணெய் படிந்த அபெர்ச்சர் இதழ்களையும் சரிசெய்யும் கைகள் கொல்கத்தாவில் இன்னும் இருக்கின்றன. சிப்பையும் மோட்டாரையும் அந்தக் கைகளால் உண்டாக்க முடியாது. ஆகவே ஒரே விலைக்கு ஒரு ஏஎஃப்-எஸ் லென்ஸும் ஒரு ஏஐ-எஸ் லென்ஸும் கிடைத்தால், அடுத்த ஐந்து வருடத்துக்கு வாங்குகிறவர் முதலாவதை எடுக்கட்டும். இருபது வருடத்துக்கு வாங்குகிறவர் இரண்டாவதை எடுத்து, டார்ச்சடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும்.